சிவப்பு டம்ளரைக் கேட்காத நாள்

கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பது என்றால், அடுத்தவர் பெற்ற பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டு நம் உள்ளங்கை தேய்ந்துபோவது என்று அர்த்தம்.

நான் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் வருஷம். களப்பணிக்காக ஓசூர் சிப்காட்டில் போன் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியின் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். களப்பணி முடிந்தது, நான் போகவில்லை. "நல்லா வாயாடுற பொண்ணு, பசங்களச் சமாளிக்கும்" என்று பகுதிநேர வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். வாய் பேசிப் பேசி வேலையை இழந்தவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாய் பேசி வேலை வாங்கியவள் நான். அந்த வாயே சில நாள் ஒட்டிக்கொண்டு திறக்காமல் போனதுண்டு. அடுத்தவர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, 'இது தூங்கி எழுந்தால் போகிற காய்ச்சலா, தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய காய்ச்சலா' என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

வாசலில் துப்பாக்கி

எங்கள் காப்பக வாசலில் ஒரு செக்யூரிட்டி அண்ணன் நிற்பார். கையில் நெற்றியில் காட்டினால் சூடு சொல்லும் துப்பாக்கி. பச்சை விளக்கு எரிந்தால் பிள்ளை உள்ளே. சிவப்பு எரிந்தால் பிள்ளை வீட்டுக்கு, பிள்ளையோடு அம்மாவும் வீட்டுக்கு, அம்மாவோடு அந்த மாத வருகை போனஸும் வீட்டுக்கு. மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் ஒரு சிவப்பு விளக்கு ஒரு குடும்பத்தின் மாதத்தையே திருப்பிப் போடுகிறது என்பதை அந்த விதியை எழுதியவர் யோசித்தாரா என்று நான் முதல் வாரமே கேட்டேன். எழுதியவர் பெங்களூரில் இருப்பதாகச் சொன்னார்கள். பெங்களூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனால் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது.

பிள்ளைகளுக்கு அந்தத் துப்பாக்கி என்றால் உயிர். வரிசையில் நின்று தலையைத் தூக்கிக் கொடுப்பார்கள். சில பிள்ளைகள் சுட்டதும் செத்து விழுவார்கள், பிறகு எழுந்து உள்ளே ஓடுவார்கள். அம்மாக்கள் முகத்தில்தான் ரத்தம் இருக்காது. தர்ஷினி என்கிற ரெண்டரை வயதுப் பெண்ணின் அம்மா செல்வி ஒருநாள் வரிசையை விட்டு ஒதுங்கி, பிள்ளையின் நெற்றியைத் தன் முந்தானையால் விசிறிக்கொண்டே நின்றாள். என்ன என்று கேட்டேன். செல்வி சொன்னாள்: "பஸ்ல வெயில் மூஞ்சியில அடிச்சிக்கினே வந்துது மிஸ். கொஞ்சம் காத்து வாங்கட்டும், அப்புறமா சுடச் சொல்லுங்க."

ஸ்ட்ராபெரி வாசனை

காலையில் பிள்ளைகளை வாங்கும்போது சில வாய்களில் ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கும். மேலுதட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. காய்ச்சல் மருந்து. ஷிஃப்ட் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு மூடி ஊற்றினால், வாசலில் வரும்போது நெற்றி குளிர்ந்திருக்கும், பச்சை எரியும். டீ பிரேக் தாண்டியதும் பிள்ளை மறுபடி கொதிக்கத் தொடங்கும். எங்கள் ஊர் கம்பெனிகளைச் சுற்றி வாழும் பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்த வித்தை இது. எனக்கு வந்ததே கோபம்! மருந்து கொடுத்ததில் தப்பில்லை. கொடுத்ததை மறைப்பதுதான் ஆபத்து. எப்போது கொடுத்தீர்கள் என்று தெரியாமல் நான் இன்னொரு தரம் ஊற்றிவிட்டால் என்ன ஆகும்?

செல்வியைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஊர் கல்லாவி. இங்கே லைன் வீட்டில் வாடகை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி கர்நாடகத்தில். வகுப்பில் பேசுவது போல் காரணம் ஒன்று, காரணம் இரண்டு என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் முழுக்கக் கேட்டாள். எதிர்த்துப் பேசியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவள் கேள்விதான் கேட்டாள்: "நெசம் சொன்னா கேட்டுக்கு வெளிய நிக்கிறோம், பொய் சொன்னா உள்ள வந்து உங்க கைல புள்ளயக் குடுக்கிறோம். நீங்க எங்கள எங்க நிக்கச் சொல்றீங்க மிஸ்?"

கண் மட்டும் தெரிகிற அம்மாக்கள்

கம்பெனிக்குள் உற்பத்தி லைனில் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை. தூசி படக்கூடாதாம். தொப்பி, முகமூடி, கையுறை, காலில் வெள்ளை ஷூ. கண் மட்டும்தான் வெளியே. பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும், சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு சின்ன பிரேக் உண்டு. மாற்ற நேரமில்லாமல், வெளி ஷூ மட்டும் மாட்டிக்கொண்டு அப்படியே வந்து கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். எல்லோரும் ஒரே உயரம், ஒரே வெள்ளை. எனக்கு யார் யாரென்று தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும். பத்து வெள்ளை உருவங்களில் தன்னுடையது எது என்று, பேசக்கூட வராத குழந்தை தவழ்ந்து போய்க் கதவில் அடிக்கும். முதல் தரம் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தர்ஷினி இன்னும் ஒரு படி மேல். செல்வி வராந்தாவில் திரும்புகிறபோதே, ஆள் தெரிவதற்கு முன்பே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு "ம்மா" என்று எழுந்துவிடுவாள். அத்தனை காலடிச் சத்தத்தில் அந்தக் காலடி. இதை என்னோடு சேர்ந்து வாய் பிளந்து பார்ப்பவர் கெம்பம்மா அக்கா. ஜவளகிரிக்காரர், வீட்டில் கன்னடம், காப்பகத்தில் எல்லாம் கலந்த பாஷை. ஆயா என்று அட்டையில் போட்டிருக்கும், அதிகாரம் தலைமையாசிரியை மாதிரி. ஒருநாள் மூக்கில் விரல் வைத்துக்கொண்டு சொன்னார்: "அய்யோ தேவ்ரே, எங்க வூட்டுக்காரரு அந்த டிரஸ்ஸுல வந்து நின்னா நானே யாருப்பா நீன்னு கேப்பேன்!"

சொத்து

தர்ஷினிக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர் உண்டு. விளிம்பில் பல் தடம் இருக்கும். அதில் தண்ணீர் குடிப்பாள், மணல் அள்ளுவாள், தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்வாள், தூங்கும்போது வயிற்றில் வைத்துக்கொள்வாள். அந்த டம்ளரை வேறு யாரும் தொடக்கூடாது. பகிர்ந்துகொள்ளும் பண்பை வளர்ப்பது பற்றி நான் ஒரு முழு அசைன்மென்ட் எழுதியவள். அந்த அசைன்மென்ட்டின் ஒவ்வொரு உத்தியையும் தர்ஷினியிடம் பிரயோகித்தேன். கதை சொன்னேன், பாட்டுப் பாடினேன், வேறு டம்ளர் காட்டினேன். பிரணவ் என்று ஒரு பையன், காப்பகத்தின் ஆஸ்தான ரவுடி, அந்த டம்ளர் பக்கம் கை நீட்டினால் கடி வாங்கிக்கொண்டு வருவான். மறுநாள் மறுபடி நீட்டுவான். இருவருக்கும் அது ஒரு தினசரிக் கடமை.

நான் கடைசியாக, "தர்ஷினிக் கண்ணு, மிஸ்ஸுக்கு மட்டும் ஒரு வாய் தண்ணி?" என்று கெஞ்சினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அவள் சொன்னது: "அது என்னுது! தொடாத!"

நூற்று மூன்று

ஒருநாள் மதியம் பிரணவின் நெற்றி அடுப்பு மாதிரி இருந்தது. அக்குளில் வைத்துப் பார்த்தால் நூற்று மூன்று. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, கம்பெனி வேனில் அவனைப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் பறந்தேன். வழியெல்லாம் அவன் ஜன்னலில் லாரிகளுக்கு டாட்டா காட்டிக்கொண்டு வந்தான். உள்ளே போனதும் டாக்டரம்மாவின் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கினான், மேஜைமேல் இருந்த காலண்டரைத் திருப்பிப் போட்டான், பிஸ்கட் கேட்டான், கொடுத்ததும் தின்றான், தண்ணீர் குடித்தான், குப்பைத் தொட்டியில் துப்பிப் பார்த்தான். நான் மட்டும் "நூத்தி மூணு டாக்டர், நூத்தி மூணு" என்று ஜபித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா மூச்சு, தொண்டை, காது, கழுத்து எல்லாம் நிதானமாகப் பார்த்தார். எடைக்குத் தகுந்த அளவு மருந்து எழுதினார். கம்பளி போர்த்தாதீர்கள், ஐஸ் தண்ணீரில் துடைக்காதீர்கள், குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். பச்சைக் குழந்தைக்கு இந்தக் காய்ச்சல் என்றால் ஒரு நிமிஷம் யோசிக்காமல் கொண்டுவர வேண்டும், இவன் வயதில் ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். "ஆனா நூத்தி மூணு?" என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் பிரணவிடமிருந்து தன் பேனாவை மீட்டுக்கொண்டே சொன்னார்: "ஜொரம் எவ்வளவுன்னு நீங்க சொல்லிட்டீங்க. பையன் எப்படி இருக்கான்னு பையனே சொல்லிட்டான். எனக்கு ரெண்டாவது தகவல்தாம்மா முக்கியம்."

நல்ல பிள்ளை

எனக்கும் கெம்பம்மா அக்காவுக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. அழாமல், ஓடாமல், வைத்த இடத்தில் இருக்கிற பிள்ளையை அவர் 'நல்ல புள்ள' என்பார். 'நல்ல பிள்ளை என்பது பெரியவர்களின் வசதிக்காக உண்டான பட்டம்' என்பது என் கட்சி. அவர் அதற்கு, "இருவது பேருக்கு நீ குண்டி கழுவு, அப்புறம் பட்டத்தப் பத்திப் பேசு" என்பார். நியாயம்தான். ஆனாலும் நான் விடுவதில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். தர்ஷினி சில நாள் வரவில்லை. காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். செல்வி கிளினிக்கில் காட்டியிருக்கிறாள். குறையவில்லை என்றால் திரும்பி வாருங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். குறைந்துவிட்டது, அதனால் போகவில்லை, வேலைக்கு வந்துவிட்டாள். வாசலில் பச்சை விளக்கு. "சாமி சத்தியமா இன்னிக்கு மருந்து குடுக்கல மிஸ், விடியக்காலமே உட்டுடுச்சி" என்று தானாகவே சொன்னாள். வாயை மோந்து பார்த்தேன், ஸ்ட்ராபெரி இல்லை. செல்வி முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். தர்ஷினி என் தோளில் சாய்ந்தாள், பாயில் விட்டேன், விட்ட இடத்திலேயே உட்கார்ந்தாள். கெம்பம்மா அக்கா கடந்து போகும்போது கன்னத்தைத் தட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஜொரம் வந்து போனாலும் போச்சு, நம்ம தர்ஷினி எவ்ளோ நல்ல புள்ள ஆயிட்டா பாரு அருணா!"

டம்ளர் கைமாறியது

பிரணவ் வழக்கம்போல் வந்தான். சிவப்பு டம்ளருக்குக் கை நீட்டினான். கடி வாங்கத் தயாராகக் கண்ணைக்கூட மூடிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தான். டம்ளர் அவன் கையில் இருந்தது. தர்ஷினி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பிரணவுக்கே அது பிடிக்கவில்லை. டம்ளரை அவள் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினான். அவள் மெதுவாகப் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவன் டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கி என்னிடம் வந்து நின்றான்.

தர்ஷினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெற்றி குளுகுளுவென்று இருந்தது. கையைத் தொட்டேன், அதுவும் குளுகுளு. பாதம் பைப்புத் தண்ணீர் மாதிரி. வெளியே உச்சி வெயில். பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கொடுத்த கஞ்சித் தண்ணீர் திரும்பி வந்தது. வயிற்றைத் தொட்டதும் முகம் சுளித்தாள், அழக்கூட இல்லை. ஜட்டி காலையிலிருந்து நனையவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கம்பெனி நர்ஸ் வந்தார், தெர்மாமீட்டர் வைத்தார், "நார்மல்தானே காட்டுது, அசதியா இருக்கும், தூங்கட்டும்" என்றார். 'நார்மல் என்று காட்டுவது கண்ணாடிக் குழாய், இதோ படுத்திருப்பது பிள்ளை' என்று நான் ஆரம்பித்தேன். என்னோடு எதற்கும் ஒத்துப்போகாத கெம்பம்மா அக்கா தர்ஷினியின் பாதத்தைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கச் சூடு ஏறவில்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "வாதாடினது போதும். இது நல்ல புள்ள இல்ல அருணா, இது நம்ம புள்ளயே இல்ல. அவங்கம்மாவ இட்டுக்கினு வா, ஓடு!"

லைன்

லைனுக்குள் போன் கிடையாது. எல்லாப் பெண்களின் போனும் வெளியே லாக்கரில் தூங்கும். செல்வியைக் கூப்பிட வேண்டும் என்றால் லைன் லீடரிடம் சொல்ல வேண்டும். லைன் லீடர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர், கறார் பேர்வழி. அவரோடு எனக்கு ஏற்கெனவே இரண்டு வாய்த்தகராறு. கண்ணாடிக் கதவைத் தட்டினேன். வந்தார். "காய்ச்சலா? எம்புட்டு?" என்றார். "காய்ச்சல் இல்லை" என்றேன். "அழுவுதா?" "இல்லை." "அடிகிடி பட்டுருச்சா?" "இல்லை." "அப்பறம் என்னங்க மிஸ்?" எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் இல்லை, அழவில்லை, அடிபடவில்லை. உலகத்தில் எந்த மேலாளரிடமும் இது ஒரு காரணமாக நிற்காது.

"அவ டம்ளரைக் கேக்கல சார்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே அசிங்கமாக இருந்தது. அவருக்கும் ஊரில் இரண்டு பிள்ளைகள் என்று பின்னால்தான் தெரியும். திரும்பினார், சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார், உதிரிபாகங்கள் நகர்கிற பெல்ட் நின்றது. பெல்ட் நின்றால் அந்தக் கூடத்தில் எவ்வளவு அமைதி என்று நான் அன்றுதான் கேட்டேன். அத்தனை வெள்ளைத் தொப்பிகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்கோ என்று பார்த்த பார்வை அது, கண் மட்டும்தானே தெரியும், அதுவே போதுமாக இருந்தது. அவர் செல்வியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "லைன் நின்டா மறுபடி ஓட்டிக்கிறலாம் மிஸ். நீங்க நிக்காதீக, வேன எடுக்கச் சொல்லுங்க."

காலடி

செல்வி அந்த வெள்ளை உடையோடு, மாற்றாத வெள்ளை ஷூவோடு, வராந்தாவில் ஓடிவந்தாள். லைன் ஷூவோடு வெளியே வருவது பெரிய குற்றம். யாரும் தடுக்கவில்லை. நான் தர்ஷினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலடி திரும்பும் இடத்தில் திரும்பியது. நெருங்கியது. கெம்பம்மா அக்காவின் தோளில் கிடந்த தலை நிமிரவில்லை. நான் அந்த வேலையில் பார்த்த எல்லாவற்றிலும் என்னை நடுங்க வைத்தது அதுதான். ரத்தம் இல்லை, சத்தம் இல்லை, நிமிராத ஒரு தலை.

செல்வி முகமூடியைக் கிழித்து எறிந்து "தர்ஷிம்மா" என்றாள். கண் திறந்தது. அம்மாவின் முகத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நழுவியது. வேனில் ஏறினோம். பாகலூர் ரோடு சந்திப்பில் வழக்கம்போல் நெரிசல். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. செல்வி பிள்ளையின் பாதங்களைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு, சந்திப்பு தாண்டிய பிறகு ஒன்று மட்டும் சொன்னாள்: "கண்ணு என் மேலதான் இருந்துது மிஸ், ஆனா அவ என்னப் பாக்கல."

கற்பூரம்

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். பார்த்த பார்வையிலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். விரல் நுனியை அழுத்தி விட்டார். வெளுத்த இடம் சிவக்கவே இல்லை, காத்துக்கொண்டே இருந்தோம். நான் நடந்ததை எல்லாம் கோர்வையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டது இரண்டே இரண்டு. "காய்ச்சல் எப்ப விட்டது? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?" முதல் கேள்விக்குச் செல்வி பதில் சொன்னாள். இரண்டாவதற்கு, காலையிலிருந்து போகவில்லை என்று மட்டும் நான் சொன்னேன். அதற்குள் ஊசி ஏறிவிட்டது, சலைன் இறங்கத் தொடங்கிவிட்டது.

டெங்குவாக இருக்கும் என்றார். இந்தச் சனியன் காய்ச்சலில் சூடு விடுகிற நேரம்தான் கண்காணிக்க வேண்டிய நேரமாம். வெளியே குளிர்ந்துகொண்டிருக்கும்போது உள்ளே ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுமாம். யோசித்துப் பாருங்கள், ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், உடம்பு தனக்குள்ளேயே வற்றிப்போகிறது! நாமோ நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'விட்டுடுச்சு' என்று பெருமூச்சு விடுகிறோம். சூடு விட்ட பிள்ளை தெளிய வேண்டும், குடிக்க வேண்டும், சண்டை போட வேண்டும், சூடு விட்டும் துவண்டு கிடந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். செல்வி அதுவரை நின்றுகொண்டே இருந்தாள். அப்போதுதான் தரையில் உட்கார்ந்து, கம்பெனி வெள்ளை உடையின் தொப்பியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "ஜொரம் உட்டுதுன்னு காலையில கற்பூரம் ஏத்திட்டு வந்தனே சார்!"

போன் வந்தது

மறுநாள் வகுப்பு. சமூகநல நிர்வாகம். பேராசிரியர் ஏதோ கேட்டார், நான் எதிர்வாதம் செய்யவில்லை, வகுப்பே திரும்பிப் பார்த்தது. என் மனசு ஒரு ரெண்டரை வயதுக்காரியின் சிறுநீரில் இருந்தது. ஒரு சின்ன உடம்பு எங்கோ ஒரு கட்டிலில், சொட்டுச் சொட்டாக இறங்குவதை எடுத்துக்கொண்டு, தன்னைத் தானே மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

போன் அதிர்ந்தது. செல்வி. அனுமதி கேட்காமலே எழுந்து வெளியே ஓடினேன். எடுத்ததும் எதிர்முனையில் முதலில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு, ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்கும்படி செல்வி கத்தினாள்: "மிஸ், ஒண்ணுக்குப் போயிட்டா! என் பொடவை, பெட்டு, பக்கத்து பெட்டு, எல்லாம் நனைச்சிட்டா மிஸ்!"

பெங்களூரிலிருந்து வந்தவர்

துப்பாக்கி விதியை எழுதியவர் ஒருநாள் நேரிலேயே வந்தார். நான் விடுவேனா? விதி போட்டால் தாய்மார்கள் மறைப்பார்கள், மறைத்தால் நமக்குத் தெரியாது, தெரியாத காய்ச்சல்தான் ஆபத்தான காய்ச்சல் என்றேன். அன்று துப்பாக்கி பச்சைதான் காட்டியது என்றேன். சூட்டை மட்டும் கேட்கிற விதி, பிள்ளையைக் கேட்காத விதி என்றேன். "அப்ப எங்க ரூலாலதான் அம்மாக்கள் பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?" என்றார். "நானா இருந்தாலும் பொய்தான் சொல்வேன் சார்" என்றேன்.

எல்லாம் மாறிவிடவில்லை. துப்பாக்கி இன்னும் இருக்கிறது. ஆனால் சிவப்பு எரிந்தால் உடனே திருப்பி அனுப்புவதில்லை. உள்ளே ஒரு தனி அறை, கட்டில், நர்ஸ் பார்க்கும் வரை பிள்ளை அங்கே. மருந்து கொடுத்தாயா, எப்போது, எவ்வளவு என்று கேட்கிறோம், பதில் சொன்னவருக்குத் தண்டனை இல்லை. காப்பகம் கூப்பிட்டால் அம்மா காரணம் சொல்லாமல் லைனைவிட்டு வரலாம். வருகை போனஸைப் பற்றி மட்டும் பேச்சு மூச்சு இல்லை, அதற்கு அடுத்த சண்டை. அவர் காரில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "படிப்பு முடிஞ்சதும் தயவுசெஞ்சு வேற கம்பெனியில சேந்துடும்மா."

மறுபடியும் சொத்து

தர்ஷினி திரும்பி வந்த அன்று கன்னம் வற்றி, கண் மட்டும் பெரிதாக இருந்தாள். செல்வி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உடனே ஓடவில்லை, கதவோரம் நின்றாள். தர்ஷினி பாயில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். அவள் இல்லாத நாள்களில் சிவப்பு டம்ளர் பிரணவின் பொறுப்பில்தான் இருந்தது, வேறு யாரையும் தொடவிடவில்லை அந்த ரவுடி. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பழக்கம் விடாமல், அவள் மூக்குக்கு நேராக ஆட்டினான்.

ஒரு கணம்தான். பிறகு அந்த மெலிந்த கை பாய்ந்தது, டம்ளர் பிடுங்கப்பட்டது, பிரணவின் முன்கையில் புதுப் பல் தடம் விழுந்தது, அவன் அலறிய அலறலில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் அத்தனையும் எழுந்து சேர்ந்து அலறின. கதவோரம் செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கெம்பம்மா அக்கா, இருபது பிள்ளை அழுகிற கூடத்தின் நடுவில், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், எங்கள் எல்லோரையும் மேலும் கீழும் பார்த்து, தர்ஷினி சொன்னாள்: "அது என்னுது! தொடாத!"

பகிர்ந்துகொள்ளும் பண்பை வளர்ப்பது பற்றி நான் எழுதிய அந்த அசைன்மென்ட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது என்பதை மட்டும், பிரணவின் கைக்கு மருந்து தடவிக்கொண்டே, இங்கே தலைகுனிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.